மசாயிகளின் காணி உறுதி

கிழக்காபிரிக்கா பற்றிய உல்லாசப் பயணத்துறைப் பிரசுரங்களில் தவறாது இடம்பெறுவது, சிவப்புப் போர்வை போர்த்து ஈட்டியுடன் நிற்கும் மசாயி இளைஞனின் படம். அவனுக்குப் பின்னால் யானைகளும் வரிக்குதிரைகளும் திரியும் புல்வெளி. அந்தப் புல்வெளி யாருக்குச் சொந்தம் என்பதைப் பிரசுரங்கள் சொல்வதில்லை. கென்யாவிலும் தன்சானியாவிலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடிக்கும் பிணக்கின் மையம் அதுவே.

1904இல் பிரித்தானியர் மசாயித் தலைவர்களுடன் ஓர் ஒப்பந்தம் செய்தனர். பிளவுப் பள்ளத்தாக்கின் செழிப்பான மேய்ச்சற்தரைகள் வெள்ளையருக்குப் போயின. பதிலாக, மசாயி இனம் உள்ளவரை அவர்களுக்கே உரியவை என்ற உறுதிமொழியுடன் இரண்டு ஒதுக்கிடங்கள் வழங்கப்பட்டன. ஏழு ஆண்டுகள் கழிந்ததும், 1911இல் செய்யப்பட்ட மற்றோர் ஒப்பந்தம் வடக்கே லைக்கிப்பியாவில் இருந்தவர்களையும் தெற்கே பெயர்த்தது. மசாயிகள் நீதிமன்றம் சென்றனர். ஒப்பந்தம் என்பது இரு அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை, அதனை விசாரிக்கும் அதிகாரம் தமக்கில்லை என்று கூறி 1913இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. காணியைப் பறிக்கும்போது குடிகளாக நடத்தப்பட்டவர்கள், நியாயம் கேட்டபோது அந்நியராகிவிட்டனர்.

சுதந்திர கென்யா 1968இல் இயற்றிய சட்டம் கூட்டு மேய்ச்சற் பண்ணைகளை உருவாக்கியது. காணி முழுச் சமூகத்தின் பெயரில் பதியப்பட்டது. ஆனால் நிர்வாகக் குழுக்களின் முறைகேடுகளும் தனி உறுதி வேண்டும் என்ற விருப்பும் சேர்ந்து, 1980களிலிருந்து பண்ணைகள் துண்டாடப்படலாயின. அங்குள்ள மழை ஓரிடத்தில் பெய்து மறு இடத்தில் பொய்ப்பது. மழையைப் பின்தொடர்ந்து பட்டியை ஓட்டிச் செல்வதே மசாயிகளின் பொருளாதாரம். துண்டாடிய காணியில் வேலி விழுந்தபோது மாட்டுக்கும் வழி அடைபட்டது, காட்டு விலங்குக்கும் அடைபட்டது. நைரோபிக்கு அண்மையிலுள்ள கித்தெங்கெலாவில் மேய்ச்சற்தரை வீட்டுக் காணிகளாகவே மாறிவிட்டது.

இந்நிலையில்தான் மசாய் மாரா காப்பகத்தைச் சுற்றிப் புதியதொரு ஏற்பாடு தோன்றியது. துண்டுக் காணிகளின் சொந்தக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, வேலியடைக்காமல், தம் நிலத்தைச் சபாரி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றனர். 2005இல் ஒல் கின்யேய், 2010இல் நபோய்ஷோ என இத்தகைய பாதுகாப்பு நிலங்கள் பெருகின. மாதாந்தக் குத்தகைப் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறது. மாட்டை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களின் இளைஞர்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளம் பெறுகின்றனர். கென்யாவின் காட்டு விலங்குகளில் அரைவாசிக்கு மேற்பட்டவை அரச பூங்காக்களுக்கு வெளியே வாழ்வதை நோக்கினால், இந்த ஏற்பாட்டின் பெறுமதி புரியும்.

ஆயினும் இதனைக் குறையற்றதெனக் கொண்டாட முடியாது. 2020இல் கொரோனா காரணமாகப் பயணிகள் வருகை நின்றபோது குத்தகைப் பணமும் ஆட்டம் கண்டது. உறுதி பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருப்பதால் பணமும் அவர்கள் கைக்கே போகிறது. பால் கறந்து விற்று வருவாய் தேடிய பெண்ணுக்கு மேய்ச்சல் குறைந்ததே மிச்சம். 2020ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் தொடர்ந்து ஐந்து பருவ மழைகள் பொய்த்தபோது, கால்நடைகள் பெருந்தொகையாக மாண்டன. அத்தகைய வேளையில் தன் காணியிலுள்ள புல்லைப் பயணிகளுக்காக விட்டுவைக்குமாறு ஒருவனிடம் கூறுவது எளிதன்று. முறைவைத்து மாடு மேய்க்க அனுமதிக்கும் பாதுகாப்பு நிலங்கள் இதனை உணர்ந்துள்ளன.

இவ்வளவு குறைகளுக்கும் மத்தியில் கென்யக் காணிக்காரனிடம் ஒரு பலம் உண்டு. குத்தகை முடியும்போது அவன் மறுக்கலாம், பேரம் பேசலாம். எல்லைக்கு அப்பால் தன்சானியாவில் அது இல்லை. அங்கு காணி சட்டப்படி சனாதிபதியின் பொறுப்பில் உள்ளது. 1959இல் செரெங்கெட்டியை விட்டு வெளியேறியவர்களுக்கு, இங்கோரொங்கோரோவில் மாடுகளுடன் வாழும் உரிமை உறுதியளிக்கப்பட்டது. 2022 யூன் மாதம் லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றர் மேய்ச்சற்தரையை வேறாக்க அரசு எல்லைக்கல் நாட்டியபோது, பொலிஸாருடன் மோதல் வெடித்தது. பலர் காயமடைந்தனர், பலர் கென்யாவுக்குத் தப்பியோடினர். அதே ஆண்டு இங்கோரொங்கோரோவாசிகளைத் தொலைதூரத்திலுள்ள ம்சொமேராவில் குடியேற்றும் பணி தொடங்கியது. இது விருப்பத்தின் பேரிலானது என்றது அரசு. சேவைகளைக் குறைத்துத் தம்மை வெளியேற்றுவதாக மக்கள் முறையிட்டனர்.

இரு நாடுகளும் சொல்லும் காரணம் ஒன்றே: இயற்கையைக் காத்தல். ஆனால் மசாயிகள் மாட்டுடன் நூற்றாண்டுகளாக வாழ்ந்த நிலத்திலேயே அந்த விலங்குகள் இன்றும் எஞ்சியுள்ளன. அவர்களை அகற்றித்தான் விலங்கைக் காக்கலாம் என்பது இந்த உண்மைக்கு முரணானது. ஒரு பாதுகாப்பு நிலத்தை மதிப்பிடுவோர் யானைகளை எண்ணுவதுடன் நிறுத்தாது, காணி யார் பெயரில் உள்ளது, குத்தகையில் பெண்ணுக்கு என்ன பங்கு, வரட்சியில் மாடு எங்கே மேயும் என்பவற்றையும் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடையளிக்காத திட்டம், எத்தனை நல்ல பெயர் சூட்டிக்கொண்டாலும், 1904இன் வாக்குறுதிக்கு நேர்ந்த கதியையே அடையும்.