ஐயா வாங்கித் தந்ததும் வாங்காமல் விட்டதும்

பசறையிலிருந்து ஹப்புத்தளை வரைக்கும் எங்கே தேர்தல் மேடை போட்டாலும் ஒரு கதை கட்டாயம் வரும்: நமக்கு வாக்குரிமை வாங்கித் தந்தது ஐயா. ஐயா என்றால் சௌமியமூர்த்தி தொண்டமான். நாமளும் கை தட்டுவோம். தட்டினது போதும், கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

நியாயத்தை முதலில் சொல்லிடலாம். 1947இல் பாராளுமன்றம் போன இலங்கை இந்திய காங்கிரஸ்காரர் ஏழு பேரில் அவர் ஒருவர். அடுத்த வருஷமே 18ஆம் இலக்கச் சட்டம் நம்ம சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆள்களைப் பங்கு பிரித்தார்கள். கடைசியில் 1988இல் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி திறந்ததில் ஐயாவின் பேரம் பேசும் திறமைக்குப் பெரிய பங்கு உண்டு. இதை மறைக்கிறவன் பொய்யன்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. 1978இல் ஜே.ஆரின் அமைச்சரவைக்குள் போனவர், பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா என்று நான்கு ஜனாதிபதிகளின் கீழும் அமைச்சராக இருந்தார். 1992 வரைக்கும் பெரும்பாலான தோட்டங்கள் அரசாங்கத்தின் கையில். அப்படியென்றால் சம்பளம் கொடுக்கிற முதலாளி அரசாங்கம். சம்பளம் கேட்கிற சங்கத்தின் தலைவர் அதே அரசாங்கத்தின் அமைச்சர். அவர் மேசைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

உள்ளே இருந்ததால்தானே காரியம் நடந்தது என்பார்கள். 1984ஐப் பாருங்க. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது வேலைநிறுத்தத்தால். ஆறு வருஷமாக அமைச்சராக இருந்தவருக்கே, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண்களின் பலம் தேவைப்பட்டது. சுவரில் தொங்குகிற படத்தில் மட்டும் ஒரே ஒரு ஆள்.

1983 ஜூலையில் பதுளை எரிந்தபோதும் அவர் அமைச்சர். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் அமைச்சர். லயத்துக்கும் அதைச் சுற்றின காணிக்கும் உறுதி எழுதி வாங்க அதைவிட நல்ல நேரம் இருந்ததா? கம்பனிக்குக் குத்தகைப் பத்திரம் கிடைத்தது. நமக்குப் பழைய லயம்தான்.

அதன் விலையை ஊவா கொடுத்தது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போகச் சொன்னால் போதுமா? சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போறது? அப்போது பேரன் ஆறுமுகம் தொண்டமான் அமைச்சர். மறுநாள் ஐயாவின் 15ஆவது நினைவு நாள்.

2023இல் கொள்ளுப்பேரன் ஜீவனும் அமைச்சரானார். அமைச்சுப் பதவி பரம்பரையாகக் கைமாறுது. லயமும் அப்படித்தான், நம்ம வீட்டில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு.

குடியுரிமை பழைய கடன். அதை வாக்காக எத்தனையோ தேர்தலில் திருப்பிக் கட்டியாச்சு. சந்தா மாசா மாசம் சம்பளத்தில் கழியுது. இனி எந்தக் கட்சிக்காரர் மாலையோடு தோட்டத்துக்கு வந்தாலும் ஒரே கேள்வி கேட்போம்: காணி உறுதி எங்கே?