தகடூர் நெல்லியும் உழைக்கும் மகளிரும்

காவிரியாறு கன்னட நாட்டைக் கடந்து தமிழ் மண்ணை மிதிக்கும் வாயிலாக விளங்குவது ஒகேனக்கல். கன்னட மொழியில் 'ஹொகே' என்பது புகை. 'கல்' என்பது பாறை. வீழும் நீர் பாறையில் மோதித் துளிகளாய்ச் சிதறிப் புகைபோல் எழுதலின், 'புகைக்கல்' எனப் பொருள்படும் இப்பெயர் அவ்விடத்திற்கு வாய்த்தது. தருமபுரி மாவட்டத்துப் பெண்ணாகரம் வட்டத்தில் உள்ள அவ்வருவியைக் காண்போர் அனைவரும் நீர்ப்புகையை வியந்து மீள்வர். யான் அங்கே கண்ட மற்றொரு புகையைக் குறித்தே ஈண்டுச் சில எழுதத் துணிந்தேன். அஃது அடுப்புப் புகை.

எம் தமிழ் வகுப்பினர் பதினெண்மர் ஆசிரியர் இருவருடன் ஒரு சனிக்கிழமை அவ்விடஞ் சென்றிருந்தோம். ஒகேனக்கல்லின் வழக்கம் பலரும் அறிந்ததே. வருவோர் கடையில் மீன் வாங்கி, அருகே அடுப்பு மூட்டியிருக்கும் பெண்டிருள் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பரிசல் ஏறச் செல்வர். மீண்டு வருங்கால் வறுத்த மீனும் குழம்பும் சோறும் ஆயத்தமாயிருக்கும். எங்கட்குச் சமைத்த அம்மையார்க்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். மீனைச் செதிள் நீக்கிக் கழுவியதும், மசாலை அரைத்துத் தடவியதும், விறகடுப்பின் முன் நின்று வறுத்ததும், இருபது இலைகட்குப் பரிமாறியதும் அவரே. யாங்கள் கை கழுவியபொழுது மணி நான்காகியிருந்தது.

"நீங்கள் சாப்பிட்டீர்களா, அக்கா?" என்றேன்.

அவர் நகைத்தார். "வந்தவங்க எல்லாம் போகட்டும் கண்ணு. நீ என்ன படிக்கிறே?"

தமிழ் படிக்கின்றேன் என்றும், ஆசிரியையாக எண்ணியிருக்கின்றேன் என்றும் கூறினேன். அவர் வறுசட்டியைத் தேய்த்துக்கொண்டே, "போ, வேலைக்குக் கண்டிப்பாப் போ. ஆனா உட்கார்ற வேலையாப் பாத்துப் போ. நின்னு நின்னு எங்காலு ரெண்டும் போச்சு. நேரத்துக்குச் சோறு தின்னு" என்றார்.

எத்தொழிலை மேற்கொள்ளல் நன்று என்பது பற்றிப் பல சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கின்றேன். அவற்றுள் ஒன்றேனும் இத்துணைச் சுருக்கமாகவும் இத்துணை உண்மையாகவும் என் செவியில் வீழ்ந்ததில்லை. பேருந்தில் திரும்பி வருங்கால் மற்றொரு நினைவு என்னை வருத்தத் தொடங்கிற்று. என் அன்னையார் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலியராய்ப் பணியாற்றுகின்றார். இரவெல்லாம் நோயாளர் படுக்கைகளுக்கிடையே நின்றும் நடந்தும் உழைத்துக் காலையில் இல்லம் மீள்வார். எனக்கும் தம்பிக்கும் உணவு கட்டித் தந்த பின்னரே உறங்கச் செல்வார். "நீங்கள் சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று யான் ஒருநாளும் வினவியதில்லை. முன்பின் அறியாத ஒருவரிடம் இயல்பாக எழுந்த வினா, ஈன்ற தாயிடம் பத்தொன்பது ஆண்டுகளாக எழவில்லை. இக்குற்றம் என் ஒருத்தியினுடையது மட்டுமன்று என்று எண்ணுதலினாலேயே இதனை எழுதுகின்றேன்.

தொழில் புரியும் மகளிர்க்கு அறிவுரை கூறுவோர் இன்று மிகப் பலர். வைகறையில் எழுக என்பர். மூச்சுப் பயிற்சி செய்க என்பர். பொறுமையே பெண்ணுக்கு அணிகலம் என்பர். இல்லத்தையும் அலுவலகத்தையும் இரு தட்டிலும் சமமாக நிறுத்துக என்பர். இவை தீயன அல்ல. ஆயின் இவையனைத்தும் ஒரு கருத்தை மறைவாகக் கொண்டுள்ளன. பெண்ணின் உடல்நலமும் மனநலமும் தொழிலுக்குப் புறம்பானவை. தொழில் முடிந்தபின் எஞ்சிய நேரத்தில் அவளே தேடிக்கொள்ளத் தக்கவை என்பதே அக்கருத்து. அஃது பிழையென்பது என் துணிபு. நலம் என்பது கூலியின் ஒரு கூறு. பணம் தந்து உடலை எடுத்துக்கொள்ளும் தொழில் பாதிக் கூலியே தருகின்றது.

இக்கொள்கை மேனாட்டிலிருந்து வந்ததன்று. ஒகேனக்கல் அமைந்த அத்தருமபுரி மண்ணிலேயே பண்டு விளங்கியது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதும், அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் ஔவைப் பிராட்டியார் வீற்றிருந்தனர் என்பதும் தமிழ் மாணவர் அறிந்தனவே. ஔவையாரைப் புலவர் என்று மட்டும் போற்றி அமைகின்றோம். அவர் தம் கலையால் வாழ்ந்த பெண். தொண்டைமானிடம் அரசன் பொருட்டுத் தூது சென்ற பெண். இன்றைய வழக்கில் கூறின், பணிபுரிந்த மகளிருள் அவரும் ஒருவர்.

அவரை ஏற்ற அரசன் செய்த செயல் யாது? ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த, வாழ்நாளை நீட்டிக்கவல்ல நெல்லிக்கனியைத் தான் உண்ணாது, அதன் பயனையும் கூறாது, அவர்க்கு அளித்தான். புறநானூற்று 91-ஆம் பாட்டில் ஔவையாரே இதனை வியந்து பாடுகின்றார். இதனை வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிப் பருவம் முதல் படித்து வருகின்றோம். பணிகொண்டோன் பணிசெய்தோரின் ஆயுளைப் பற்றிக் கவலையுற்றான் என்ற செய்தியும் அதனுள் அடங்கியிருக்கின்றது அன்றோ? பொன்னும் பொருளும் மட்டும் தந்திருப்பின் அவன் கடன் தீர்ந்திருக்கும். அவன் அவ்வளவில் நின்றிலன்.

மற்றொரு பாட்டும் உண்டு. அது 206-ஆம் பாட்டு. அதே அதியமான் ஒருகால் பரிசில் தரக் காலம் நீட்டித்தான். ஔவையார் பொறுமை காத்து வாயிலில் நின்றாரல்லர். கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு வாயிற்காவலனிடம் தம் கருத்தை வெளிப்படையாக உரைத்தார். கைத்தொழில் கற்றோர் எங்குச் சென்றாலும் பிழைப்பர். தமக்கு இவ்வாயில் ஒன்றே உலகமன்று என்பதே அவர் உரையின் சாரம். கூலியைக் காலத்தில் கேட்டல் நன்றிகேடு அன்று என்பதும், கேட்கும் துணிவு கற்ற தொழிலிலிருந்தே பிறக்கும் என்பதும் இப்பாட்டால் விளங்கும். நெல்லி ஈந்தவனிடமே அவர் பரிசிலையும் வற்புறுத்திக் கேட்டார் என்பதை நோக்குக. நலமும் வேண்டும், ஊதியமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் ஆகாது.

இனி, ஒகேனக்கல் அம்மையார் கூறிய அறிவுரைக்கு மீள்வாம். 'உட்காரும் வேலையாகப் பார்' என்றார் அவர். அவர் நோவை யான் உணர்கின்றேன். எனினும் அவர் முடிவை முற்றும் ஏற்றற்கில்லை. செவிலியர் நில்லாமல் நோயாளர் பிழைப்பது யாங்ஙனம்? நாற்று நடுவோரும் துணி விற்போரும் மீன் வறுப்போரும் எல்லாரும் நாற்காலித் தொழிலுக்குப் போதல் இயலுமோ? பெண் உட்காரும் தொழிலைத் தேடி ஓடுவதினும், நிற்கும் தொழிலில் உட்காரும் வேளையை உண்டாக்குதலே நேரிய வழி.

அஃது இயல்வதே என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. துணிக்கடைகளில் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கும் பெண்டிர்க்குக் காலின் குருதிக் குழாய்கள் புடைத்து நோவுண்டாகும். கழிப்பிடம் செல்ல இடமின்மையால் தண்ணீர் பருகாதிருந்து நோயுறுவோரும் பலர். கோழிக்கோட்டில் இத்தகைய கடைப்பெண்டிர் 'பெண்கூட்டு' என்னும் பெயரால் ஒன்றுகூடிக் கழிப்பிடமும் இருக்கையும் வேண்டிப் போராடினர். கேரள அரசு 2018-ஆம் ஆண்டில் கடைப் பணியாளர்க்கு இருக்கை தரும்படி சட்டத்தைத் திருத்திற்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2021-ஆம் ஆண்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் அவ்வாறே ஒரு பிரிவைச் சேர்த்தது. ஓர் இருக்கைக்குச் சட்டமா என்று நகைப்போர் ஒருநாள் முழுதும் நின்று பார்த்தபின் நகைப்பாராக.

ஆயின் அச்சட்டம் ஒகேனக்கல் அடுப்படியை எட்டவில்லை. அங்கே சமைக்கும் பெண்ணுக்கு முதலாளி இல்லை. இருக்கை கேட்க ஆளில்லை. அவருடைய துன்பம் கால்நோவொடு முடிவதும் அன்று. விறகுப் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. காவிரியில் வெள்ளம் பெருகிப் பரிசலையும் நீராடலையும் மாவட்ட நிருவாகம் தடைசெய்யும் நாட்களில் வருவோர் இலர், அடுப்பும் எரியாது, அன்றைய வருவாயும் இல்லை. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்திலும் இந்நிலையே நேர்ந்தது. புகைபோக்கியொடு கூடிய சமையற்கூடமும், இருந்து சமைக்கத்தக்க மேடையும், அருகே கழிப்பிடமும் இத்தகைய பெண்டிர்க்கு அமைதல் வேண்டும். அருவியைக் காட்டி வருவாய் பெறும் ஊர், அவ்வருவியடியில் சோறிடுவோர்க்கு இவற்றைத் தருதல் கடனேயன்றிக் கொடையன்று.

தனியொருத்தி கேட்டால் இவை கிடைத்தல் அரிது. கூடிக் கேட்டால் கிடைக்கும். இதற்கும் தருமபுரியே வழிகாட்டி. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-ஆம் ஆண்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை முதன்முதல் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்திலேயே. பன்னிருவர் முதல் இருபதின்மர் வரை ஒன்றுகூடி, சிறு தொகை சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து வாங்கிய அக்குழுக்களே பின்னர் 1997-98-இல் 'மகளிர் திட்டம்' என்னும் பெயரால் மாநிலமெங்கும் பரவின. வறண்ட மாவட்டம் என்று பேசப்பட்ட நிலத்திலிருந்து தமிழ்நாடு கற்ற பாடம் இது. குழுவின் பயன் கடன் மட்டுமன்று. வாரம் ஒருமுறை தன் துன்பத்தைச் சொல்லவும், பிறர் துன்பத்தைக் கேட்கவும் ஓர் இடம் வாய்த்தலும் அதன் பயனே. மனநலம் என்று நாம் பெரிய பெயரிட்டு அழைப்பதன் பெரும்பகுதி அதனுள் அடங்கும்.

"இத்துணைத் துன்பம் எதற்கு? பெண் வேலைக்குச் செல்லாது இல்லத்திலேயே இருப்பின் நலமன்றோ?" என வினவுவோர் இன்றும் உளர். இல்லத்தில் இருப்போர் ஓய்ந்திருக்கின்றனர் என்று அவர்க்கு யார் கூறினர்? இந்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்டிர் அதில் நாள்தோறும் சராசரி 289 நிமிடம் செலவிடுகின்றனர். அப்பணியில் ஈடுபடும் ஆடவர் 88 நிமிடம். வெளிவேலை செய்யும் பெண் இச்சுமையை இறக்கிவிட்டுச் செல்வதில்லை. அதன்மேல் மற்றொரு சுமையையும் ஏற்றுக்கொள்கின்றாள். ஓய்வுநாட் கட்டளை வீட்டு வேலைக்காரிக்கும் ஓய்வு விதிக்கின்றது என்று நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் கேட்டிருக்கின்றோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாம் இல்லம் மீளுங்கால், அடுப்பு மற்ற நாளினும் இருமடங்கு எரிவதைக் கண்டும் அக்கட்டளையை நினைந்தோமில்லை.

ஆதலின், இவ்வாண்டும் வரும் ஆண்டும் இக்கல்லூரியை விட்டுத் தொழில் தேடிச் செல்லவிருக்கும் என் சகோதரிகட்குச் சிறியேன் கூற விழைவன இவை. ஒரு தொழிலை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். ஔவையார்க்குத் துணிவு தந்தது அதுவே. ஊதியம் எவ்வளவு என்று வினவுவதோடு நில்லாது, வேலை நேரம், உணவு வேளை, இருக்கை, கழிப்பிடம் இவற்றையும் முதல்நாளே வினவுங்கள். அது நாணத்தக்க செயலன்று. ஊதியம் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் சேர்தல் வேண்டும். மகப்பேற்று விடுப்பு 2017-ஆம் ஆண்டில் 26 வாரமாக உயர்த்தப்பட்டமையை அறிந்திருங்கள். பணியிடத்தில் இழிசொல்லோ தீண்டலோ நேரின், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப்பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் புகார்க்குழு இருத்தல் வேண்டும். பத்துப்பேர்க்குக் குறைந்த இடத்தினர் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். தனியே அழாதீர்கள்; உடன் பணிபுரிவாரோடு கூடிப் பேசுங்கள். நேரத்திற்கு உண்ணுங்கள். இக்கடைசி அறிவுரை என்னுடையதன்று; ஒகேனக்கல் அம்மையாருடையது.

என் சகோதரர்கட்குக் கூறுவது ஒன்றே. 289-க்கும் 88-க்கும் இடையிலுள்ள தொலைவு சட்டமன்றத்தில் குறையாது. உங்கள் அடுக்களையிலேயே குறையும்.

சுற்றுலா முடிந்த அடுத்த விடுமுறையில் இல்லம் சென்றிருந்தேன். அன்னையார் இரவுப் பணி முடித்து வந்ததும் நேரே அடுக்களைக்குச் சென்றார். நாற்காலியொன்றை எடுத்துப் போட்டு, "உட்காருங்கள் அம்மா, சாப்பிட்டீர்களா?" என்றேன். அவர் சற்றே வியப்புற்று, "அடுப்பில் பால் இருக்கிறது" என்றார். பாலை யான் பார்த்துக்கொண்டேன். தம்பி தட்டெடுத்து வைத்தான். அவர் அமர்ந்தார்.

அது சிறிய செயலே, நெல்லிக்கனியும் சிறியதே. பணிகொள்வோரும், அரசும், ஊரும், இல்லமும் தத்தம் அளவில் அக்கனியை ஈதல் வேண்டும் என்பது என் விண்ணப்பம்.