வென்றும் திறவாத வாசல்



பரீட்சையில் முதலிடம் பெற்ற உங்கள் பிள்ளையிடம், "பெருந்தொகை ஒன்றைக் கட்டினால்தான் மேல் வகுப்பு" என்று பாடசாலை சொன்னால் மனம் எப்படிக் கொதிக்கும்? "பின் எதற்குப் பரீட்சை வைத்தீர்கள்?" என்று கேட்க மாட்டீர்களா? ஸ்பெயின் தேசத்தில் ஓர் ஊரே மூன்று வருடங்கள் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே விஷயம் பரீட்சையல்ல, கூடைப்பந்தாட்டம்.

அந்நாட்டின் கழகங்கள் படிப்படியான பிரிவுகளில் விளையாடுகின்றன. உச்சியில் இருப்பது ஏ.ஸீ.பீ. அதற்கு அடுத்த படி 1996இல் ஆரம்பித்த எல்.ஈ.பீ. லீக், 2024 முதல் அதற்குப் 'பிரிமேரா எப்.ஈ.பீ.' என்று பெயர். பருவ முடிவில் கீழ்ப் பிரிவின் சிறந்த இரு கழகங்கள் மேலே ஏற வேண்டும். மேற்பிரிவில் கடைசியாக வந்த இரண்டும் கீழே இறங்க வேண்டும். சட்டம் இவ்வளவுதான்.

ஆனால் வாசலில் இன்னொரு காவலும் நின்றது. புதிதாக நுழையும் கழகம் பல மில்லியன் யூரோ நுழைவுப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வட ஸ்பெயினில் உள்ள பூர்கோஸ் நகரின் கழகம் 2013, 2014, 2015 என மூன்று வருடங்கள் தொடர்ந்து மைதானத்தில் ஏற்றம் பெற்றது. மூன்று முறையும் பணமில்லாததால் வாசல் திறக்கவில்லை. வெற்றியைக் கொண்டாடிய வீடுகளிலேயே சில வாரங்களில் கவலை குடிகொண்டது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். மட்ரிட் நகரின் எஸ்துடியாந்தெஸ் கழகம் 1948இல் ஒரு பாடசாலை மாணவர்களால் உருவாக்கப்பட்டது. 2012இலும் 2016இலும் அது தோற்றுக் கீழே இறங்க வேண்டிய நிலைக்கு வந்தது. ஆனால் ஏற வேண்டியவர்களால் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாததால் மேலேயே தங்கிவிட்டது. வென்றவர் வெளியே, தோற்றவர் உள்ளே!

லீக் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. கையில் காசில்லாத கழகம் மேலே வந்தால் வீரர்களின் சம்பளம் நிலுவையாகும், கடன் பெருகும், நடுப் பருவத்தில் கழகம் கலைந்துவிடும் என்று அது அஞ்சியது. வரவுக்கு மீறிச் செலவு செய்யும் குடும்பத்தின் கதி நமக்குத் தெரியாததா? ஆனால் சம்பளத்துக்குப் பிணை கேட்பது ஒன்று. உள்ளே வருவதற்கே விலை கேட்பது வேறொன்று. முன்னையது ஒழுங்கு, பின்னையது தடை.

பூர்கோஸ் சோர்ந்துவிடவில்லை. 2015இல் அங்கே புதுக் கழகம் ஒன்று பிறந்தது. நிபந்தனைகளும் தளர்ந்துவர, 2017இல் அக்கழகம் வென்று மேலே ஏறியது. மாட்டுச் சண்டை நடந்த அரங்கைப் புதுப்பித்து, கூரையிட்டு, அங்கேயே கூடைப்பந்து விளையாடினார்கள். வாசலில் நிறுத்தப்பட்ட அந்த ஊர், சர்வதேச சம்மேளனத்தின் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை 2020இலும் 2021இலும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தது! 2022இல் கீழே இறங்கியது. 2025இல் மறுபடி ஏறியது. இறக்கமும் ஏற்றமும் இப்போது அதன் ஆட்டத்தின்படியே நடக்கின்றன.

இரண்டாம் பிரிவு என்றால் தரக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். 2019இல் அமெரிக்காவின் என்.பீ.ஏ. கிண்ணத்தை வென்ற மார்க் கசோல், தான் 2014இல் நிறுவிய ஜிரோனா கழகத்துக்காக இந்த இரண்டாம் பிரிவுக்கே வந்து விளையாடினார். 2022இல் அதை மேலே ஏற்றியும் வைத்தார். உலகின் உச்சியைக் கண்டவருக்கும் கீழ்ப்படியில் நிற்பது கௌரவக் குறைவாகப் படவில்லை.

சகோதரிகளே! உங்கள் பிள்ளை மைதானத்திலோ வகுப்பிலோ இரண்டாம் அணியில் இருக்கிறதா? வெட்கப்பட வேண்டாம். அது ஏறுவதற்கான படிதான். ஆனால் திறமையால் வென்ற பிள்ளைக்குப் பணத்தால் ஒரு வாசல் மூடப்படுவதைக் கண்டால், அது யார் வீட்டுப் பிள்ளையானாலும் வாய் திறந்து கேளுங்கள். பூர்கோஸ் மக்கள் கேட்காமல் இருந்திருந்தால், அந்தக் கிண்ணங்கள் இரண்டும் வேறு ஊருக்குப் போயிருக்கும்.