விடுதியில் முளைத்த கட்சி

நூறு வருடங்களுக்கு முன்பு, வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வரும் பிராமணரல்லாத மாணவனுக்குப் பாடத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எங்கே தங்குவது? எங்கே சாப்பிடுவது? சாப்பாட்டுக் கடைகளிலும் விடுதிகளிலும் சாதி பார்த்த காலம் அது. கல்லூரியில் இடம் கிடைத்தாலும் பட்டணத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.

இதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாதவர், திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் சி.நடேச முதலியார். அங்கேயே 'திராவிடர் இல்லம்' என்ற விடுதியைத் தொடங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே.சண்முகம் செட்டியார், மாணவராக அங்கே தங்கியவர்.

ஆனால், ஒரு விடுதியால் எத்தனை பேருக்கு இடம் தர முடியும்? அரசு வேலையிலும் சட்டசபையிலும் இடம் வேண்டுமென்றால் அதற்கு ஒரு கட்சி வேண்டும். அதை நடத்தும் செல்வாக்கு பிட்டி தியாகராயருக்கும் டாக்டர் டி.எம்.நாயருக்கும் இருந்தது. சிக்கல் என்னவென்றால், சென்னை மாநகராட்சியில் இருவருக்கும் ஆகாது! இருவரையும் ஒன்றாக உட்கார வைத்ததில் நடேசனாருக்குப் பெரிய பங்கு உண்டு. 1916 நவம்பர் 20 அன்று தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. அது நடத்திய 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கில நாளிதழின் பெயரே நிலைத்து, மக்களுக்கு அது 'நீதிக்கட்சி' ஆயிற்று.

பிராமணரல்லாதாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கேட்டு லண்டன் சென்ற நாயர், 1919இல் அங்கேயே காலமானார். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணிக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்குக் கிடைத்தன. முதல்வர் நாற்காலி தேடி வந்தபோது தியாகராயர் வேண்டாம் என்றார். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார்.

1921இல் பெண்களுக்கு ஓட்டுரிமைத் தீர்மானம் நிறைவேறியது. அரசு வேலைகளில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு தரும் ஆணை அதே ஆண்டில் வந்தது. விடுதியில் தொடங்கிய கேள்விக்கு அரசாங்கமே பதில் சொல்ல ஆரம்பித்தது.

ஆனால், அந்தப் பதில் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று எம்.சி.ராஜா 1923இல் விலகினார். கட்சி மெல்ல மெல்ல ஜமீன்தார்கள் கைக்குப் போனது. காங்கிரஸ் ஊர் ஊராகச் சென்று தொண்டர்களைச் சேர்த்தது. நீதிக்கட்சியோ பெரிய மனிதர்களின் செல்வாக்கையே நம்பியிருந்தது.

1937 தேர்தலில் கணக்குத் தீர்ந்தது. கட்சித் தலைவர் பொப்பிலி ராஜாவே வி.வி.கிரியிடம் தோற்றார். நடேசனார் காலமானதும் அதே ஆண்டில்தான்.

அடுத்த ஆண்டு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறையிலிருந்த பெரியாரைக் கட்சி தலைவராக்கியது. 1944இல் சேலம் மாநாட்டில் அது 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியது. நடேசனார் தன் விடுதிக்கு வைத்த சொல், கடைசியில் கட்சிக்கே பெயரானது.