பாதி விலையில் பழைய புரட்டு

சித்திரை பிறந்து வெயில் கொளுத்த ஆரம்பித்ததும், பெரிய ஓட்டல்காரர்களுக்கும் பிரயாண ஏஜண்டுகளுக்கும் நம் நாட்டுச் சரித்திரத்தின் மீது திடீரென்று ஒரு அபிமானம் பிறந்துவிடுகின்றது. மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை என்று ஐந்தாறு ஊர்களை ஒரே கயிற்றில் கோத்து, குளிர்சாதன மோட்டார், குளிர்சாதன அறை, நீந்துவதற்குக் குளம், மூன்று வேளையும் ராஜ போஜனம், எல்லாவற்றிற்கும் மேலாகக் கோயில் காட்ட ஒரு வழிகாட்டி என்று ஜோடித்து, இது சீசன் இல்லாத காலமானதால் பாதிப் பணம் கொடுத்தால் போதும் என்று விளம்பரம் செய்கின்றார்கள். இதற்குப் “பாரம்பரியச் சுற்றுலா” என்று பெயரும் வைத்திருக்கின்றார்கள். கொஞ்சம் பணம் சேர்ந்த நம் தோழர்கள் சிலரும், “கோயிலைக் கும்பிடப் போகவில்லை, கலையையும் சரித்திரத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போகின்றோம்” என்று நமக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு புறப்படுகின்றார்கள். ஆதலால் இதைப்பற்றிச் சில வார்த்தை எழுத வேண்டியதாயிற்று.

பிரயாணம் செய்வதை நாம் ஆட்சேபிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். நாலு ஊர் பார்த்தவனுக்குத்தான் தன் ஊர் வழக்கமெல்லாம் கடவுள் ஏற்படுத்தியதல்ல என்கிற புத்தி உண்டாகும். பெரியார் அவர்களே 1931-32-இல் ஐரோப்பாவும் ரஷியாவும் சுற்றி வந்தவர்தான். ஆனால் அவர் அங்கு போய் மாதாகோயில் கோபுரங்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தொழிலாளிகளைப் பார்த்தார், இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளர் கூட்டத்தில் பேசினார். ஆகவே போகலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. போகிறவனுக்கு எதைக் காட்டுகின்றார்கள், எதை மறைக்கின்றார்கள், அவன் திரும்பி வரும்போது தலையில் எதை ஏற்றி அனுப்புகின்றார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் இந்தச் “சீசன்” என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தில்லை அம்பலத்தைத் தரிசித்தாலே முக்தி என்கின்றார்கள். தரிசித்தாலே முக்தி என்றால், கத்திரி வெயிலில் தரிசித்தால் அந்த முக்தி குறைந்துவிடுமா? மார்கழியில் முழு வாடகையும் சித்திரையில் பாதி வாடகையும் எப்படி ஏற்பட்டது? கடவுள் வருஷம் முழுவதும் அதே இடத்தில்தான் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றார். ஆட்களை வரவழைப்பது அவருடைய சக்தியல்ல, காற்றும் குளிரும் பள்ளிக்கூட விடுமுறையும்தான் என்பது ஓட்டல் முதலாளிக்குத் தெரியும். பக்தர்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் பாதி விலையின் மறு பாதியை யார் கொடுக்கின்றார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். முதலாளி தன் வீட்டுச் செலவைப் பாதியாக்கிக்கொள்வதில்லை. படுக்கை விரிப்பவனும், எச்சில் தட்டுக் கழுவுபவளும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுபவனும், “கூட்டம் இல்லை, போய்விட்டுக் கூப்பிடும்போது வா” என்று அனுப்பப்படுகின்றார்கள். மிஞ்சி இருப்பவர்கள் போனவர்களுடைய வேலையையும் சேர்த்துச் செய்கின்றார்கள். மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ச்சியோடு படுக்கும் கனவான், அந்த மெத்தையின் கீழே ஒரு கூலிக்காரனின் இரண்டு மாதச் சம்பளம் இருப்பதை அறியமாட்டார்.

நிற்க, சிதம்பரத்துக்கு வருவோம். இந்தச் சுற்றுப்பிரயாணத்தில் மிகவும் ஜம்பமாகக் காட்டப்படும் ஊர் அதுதான். முன் காலத்தில் ஸ்தல புராணம் சொன்னவன், “நம்பாவிட்டால் நரகம்” என்று பயமுறுத்தினான். பட்டணத்துக் கனவான்களோ பி.ஏ.யும் எம்.ஏ.யும் படித்தவர்கள், நரகத்துக்கு அவ்வளவாகப் பயப்படமாட்டார்கள். ஆகையால் இப்போது அவர்களுக்கு “விஞ்ஞானம்” சொல்லப்படுகின்றது. குளிர்சாதன மோட்டாரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, நடராஜனுடைய கால் கட்டைவிரல் பூமியின் காந்த மத்திய ரேகையின் மையத்தில் இருக்கின்றது என்று ஒரு போடு போடுகின்றார்கள். இதைக் கேட்டு, படித்தவர்கள் வாயைப் பிளந்து நிற்பதைப்போல் வெட்கக்கேடு வேறு உண்டா?

காந்த மத்திய ரேகை என்பது என்ன? காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் சமமாகப் படுத்து நிற்கும் இடங்களையெல்லாம் சேர்த்துப் பூமியைச் சுற்றிப் போட்ட ஒரு கோடு. பூமியைச் சுற்றிவரும் கோட்டுக்கு மையம் ஏது? இடுப்பில் கட்டிய அரைஞாணுக்கு நடு எது என்று கேட்பதைப்போல்தான். அந்தக் கோடும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துகொண்டே இருக்கின்றது. நம் தேசத்தில் அது போவது தென்கோடியில். அதற்காகத்தான் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட்டை விட்டார்கள். திருநெல்வேலியில் புவிகாந்த ஆராய்ச்சிக்கூடம் வைத்திருப்பதும் அதற்காகவே. சிதம்பரமோ தும்பாவுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கின்றது. கட்டைவிரல் மிகவும் நீளமானதுதான் போலும்!

அடுத்தபடியாக, பஞ்ச பூத ஸ்தலங்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன என்பார்கள். சிதம்பரம், காஞ்சீபுரம், காளஹஸ்தி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்க ரேகையில் இருப்பது வாஸ்தவம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பூதம் ஐந்தல்லவா? திருவண்ணாமலையும் திருவானைக்காவும் அந்தக் கோட்டுக்கு வெகு தூரம் மேற்கே கிடக்கின்றனவே, அந்த இரண்டு பூதங்களும் செய்த பாவம் என்ன? மூன்றைக் காட்டி இரண்டை ஒளித்துவிட்டு அதிசயம் அதிசயம் என்று கூவுவதற்குச் சந்தையில் மூன்று சீட்டு வைத்துச் சூதாடுபவனுடைய சாமர்த்தியம் போதுமே, ரிஷிகள் எதற்கு?

கூரையில் 21,600 பொன் ஓடுகள். மனிதன் ஒரு நாளைக்கு விடும் மூச்சும் 21,600 என்பது மற்றொரு விஞ்ஞானம். நிமிஷத்துக்கு 15 மூச்சு என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் இந்தக் கணக்கு வரும். ஆனால் சும்மா இருக்கும் பெரியவனுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு ஓடும். பிறந்த குழந்தைக்கு 30-க்கு மேல். மூட்டை தூக்குபவனுக்கும் நாற்று நடுபவளுக்கும் எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை. திண்ணையில் சாய்ந்திருப்பவன் மூச்சை எண்ணிக் கூரை போட்டிருக்கின்றார்கள் என்றுதான் நாம் நினைக்க வேண்டியிருக்கின்றது. அந்த ஓட்டைப் பொன்னால் வேய்ந்தவன் பராந்தக சோழன் என்று சரித்திரம் சொல்லுகின்றது. அந்தப் பொன் எந்தக் குடியானவன் கொடுத்த வரியிலிருந்தும், எந்த யுத்தக் கொள்ளையிலிருந்தும் வந்தது என்று கேட்டால் அதுவல்லவோ சரித்திரம்? வழிகாட்டி அதற்கு வாயைத் திறப்பதில்லை.

எல்லாவற்றிற்கும் கடைசியில் ஜெனீவாவைக் கொண்டுவருவார்கள். அங்குள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் நடராஜ விக்கிரகம் இருப்பதால் வெள்ளைக்கார விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பது இவர்கள் வாதம். அது விஞ்ஞானிகள் வரம் கேட்டுப் பிரதிஷ்டை செய்த சாமி அல்ல. இந்திய சர்க்கார் அன்பளிப்பாகக் கொடுத்து 2004 ஜூன் மாதத்தில் திறந்துவைத்த இரண்டு மீட்டர் உயரச் சிலை. வந்த பரிசை முற்றத்தில் வைத்தார்கள். அதே கூடத்தில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஓடும் யந்திரத்தை எந்தத் தீட்சிதரும் மந்திரம் சொல்லி ஓட்டவில்லை. அதற்கு அபிஷேகமும் கிடையாது, பிரசாதமும் கிடையாது.

சிதம்பர ரகசியம் என்பதையோ சொல்ல வேண்டியதில்லை. திரையை விலக்கினால் அங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் தங்க வில்வ மாலை தொங்குகின்றது. ஒன்றுமில்லை என்பதைத்தான் நாமும் இத்தனை காலமாகச் சொல்லிவருகின்றோம். நாம் சொன்னால் நாஸ்திகம். திரை போட்டுத் தட்சணை வாங்கிக்கொண்டு அவர்கள் சொன்னால் தத்துவம்!

இவ்வளவு அளக்கும் வழிகாட்டி, நந்தனைப் பற்றி என்ன சொல்லுகின்றார்? பக்தியால் ஜோதியில் கலந்தார் என்று ஒரு வரியோடு மோட்டாருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகின்றார். பெரிய புராணத்தின்படியே பார்த்தாலும், தாழ்த்தப்பட்ட ஒரு மனிதன் கோயிலுக்குள் போக வேண்டுமானால் நெருப்பில் இறங்கித்தான் போக வேண்டும் என்பதுதானே கதை? எந்தத் தீட்சிதராவது உள்ளே போவதற்கு நெருப்பில் இறங்கினாரா? சேக்கிழார் அந்தப் புராணத்தை அரங்கேற்றியது இக்கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் என்று அவர்களே பெருமையாகச் சொல்லுகின்றார்கள். அதே மண்டபத்தைத்தான் 2019 செப்டம்பரில், நட்சத்திர ஓட்டலைப்போல் அலங்காரம் செய்து, ஒரு பணக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு விட்டு, ஊர் சிரித்தது. உழைப்பவனுக்கு நெருப்பு, பணக்காரனுக்குப் பந்தல் என்பதுதான் ஆகமம் போலிருக்கின்றது.

நந்தன் நெருப்பில் இறங்கிய இடம் என்று சொல்லப்படும் ஓமக்குளத்தில் இன்று நந்தனார் பள்ளிக்கூடம் இருக்கின்றது. 1916-இல் நந்தனார் கல்விக் கழகம் கண்டு, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுத்தவர் சுவாமி சகஜானந்தர். அவர் பக்திமான், நம் கொள்கைக்காரர் அல்லர். இருந்தாலும் மனிதனைப் பொசுக்கிய இடம் என்கிற ஊரில் மனிதனைப் படிக்கவைத்த அவருடைய காரியம், ஆயிரம் கால் தூணையும்விடப் பார்க்கத் தகுந்தது என்று நாம் சொல்லுவோம். எந்தச் சுற்றுலா மோட்டாராவது அங்கே நிற்கின்றதா?

ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்ததையும், அதுவரையில் சட்டப்படியே ஒரு கூட்டம் வெளியே நிறுத்தப்பட்டிருந்ததையும் யாராவது சொல்லுகின்றார்களா? தேவாரம் இக்கோயில் அறையொன்றில் பூட்டிவைக்கப்பட்டுச் செல்லரித்துக் கிடந்தது என்பது அவர்கள் புராணம். அந்தத் தேவாரத்தைச் சிற்றம்பல மேடையில் நின்று தமிழில் பாடுவதற்குச் சர்க்கார் உத்தரவும் போலீஸ் பந்தோபஸ்தும் வேண்டியிருந்தது 2008 மார்ச்சில். அடுத்த ஆண்டு அறநிலையத் துறை நிர்வாகத்தை ஏற்றது. 2014 ஜனவரி 6-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பினால் அது மீண்டும் பொது தீட்சிதர்களிடமே போய்விட்டது. கனகசபையில் ஏறப் போன தாழ்த்தப்பட்ட பெண்ணைத் தடுத்தார்கள் என்று 2022-இல் தீட்சிதர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று. அந்த ஆண்டு மே மாதம், ஜனங்கள் கனகசபையில் ஏறிக் கும்பிடலாம் என்று சர்க்கார் ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. மன்னன் கட்டிய மண்டபத்தில், ஜனங்கள் கொடுத்த பொன்னின் கீழே, ஜனங்கள் ஏறுவதற்கு ஓர் உத்தரவு! சரித்திரப் பிரயாணம் போகின்றவருக்கு இதைவிடச் சரித்திரம் என்ன வேண்டும்? இதைச் சொன்னால் ராஜபோஜனம் ஜீரணமாகாது என்றுதான் மறைக்கின்றார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் போகிற அந்தக் குளிர்சாதன மோட்டார் கடலூர் வழியாகத்தான் போகின்றது, ஆனால் நிற்பதில்லை. கடலூரில் பார்க்க ஒன்றுமில்லையாம்! தேவனாம்பட்டினத்துக் கடலோரத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம் இருக்கின்றது. 1690-இல் வெள்ளைக்காரக் கம்பெனி செஞ்சி மராட்டியரிடம் அதை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுகிற தூரம்வரை உள்ள கிராமமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேரம். அதனால் அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பேர் உண்டாயிற்று. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர்தான் அமெரிக்காவில் பெரிய சர்வகலாசாலைக்குப் பேர் கொடுத்த யேல் துரை. குடிசையில் இருந்தவனை ஒரு வார்த்தை கேட்காமல், ராஜாவும் கம்பெனியும் சேர்ந்து அவன் நிலத்தைப் பீரங்கியால் அளந்த கதை இது. 1758-இல் பிரெஞ்சுக்காரன் லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தான். அதே தேவனாம்பட்டினத்தில் 2004 டிசம்பர் 26-இல் கடல் உள்ளே புகுந்து மீனவர் குடும்பங்களை வாரிக்கொண்டு போயிற்று. கடல் புகுந்தபோது எந்த ஸ்தலத்து மகிமையும் அவர்களைக் காக்க வரவில்லை.

1944-இல் அதே கடலூரில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த பெரியார் மீது இருட்டில் செருப்பை வீசினார்கள். அவர் கொஞ்சமும் கோபிக்காமல், ஒற்றைச் செருப்பு யாருக்கும் உதவாது என்று வண்டியைத் திருப்பி, மற்றதையும் தேடி எடுத்துக்கொண்டார். 1972-இல் அங்கே அவருக்குச் சிலை எழுந்தது. அதைப் பார்க்கக் கட்டணமும் இல்லை, சீசனும் இல்லை, சட்டையைக் கழற்ற வேண்டியதும் இல்லை.

ஆகவே தோழர்களே, கோடையில் கையில் கொஞ்சம் பணமும் நாலு நாள் ஓய்வும் உள்ளவர்கள் தாராளமாகப் போங்கள். பஸ்ஸில் கடலூருக்குப் போய்க் கோட்டை இருந்த இடத்தையும் சிலையையும் பாருங்கள். மீனவர் தெருவில் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். அங்கிருந்து சிதம்பரம் போய் ஓமக்குளத்தைப் பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக வாசலுக்குப் போய், 1965 ஜனவரி 27-இல் இந்தி எதிர்ப்பில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான மாணவன் இராசேந்திரனின் சிலையைப் பாருங்கள். பிறகு கோயிலையும் பாருங்கள். கல் செதுக்கியவன் கை நம்மவன் கைதான், அதைப் பார்ப்பதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. வழிகாட்டி காந்த ரேகையைப்பற்றி ஆரம்பித்தவுடன், சட்டைப் பையிலிருந்து காலணா காந்த ஊசி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுங்கள். நந்தனுக்கு முன்னே நெருப்பு மூட்டச் சொன்னவர்கள் யார் என்றும் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை மறவாமல் நமக்கு எழுதி அனுப்புங்கள். பெயரும் ஊரும் போட்டுப் பிரசுரிக்கின்றோம்.