நாட்டரசன்கோட்டைக்கு எந்நாளில் செல்வது?

செட்டிநாட்டுச் சுற்றுலா என்றவுடன் வளவு வீடுகளே பலர் நினைவுக்கு வருகின்றன. பர்மாத் தேக்கும், ஆத்தங்குடிக் கல்லும், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சும் வியக்கத்தக்கவையே. ஆயினும், பூட்டிய வாயிலின்முன் நின்று நிழற்படம் எடுத்துத் திரும்புவதை ஊரைக் கண்டதாக நாம் கொள்வதற்கில்லை. வீடு என்பது மனிதர் கூடும் இடமன்றோ? அவர்கள் கூடும் நாளறிந்து செல்வதே முறை.

சிவகங்கையை அடுத்த நாட்டரசன்கோட்டையில் அத்தகைய நாள்கள் உண்டு. தைப்பொங்கலை அடுத்து வரும் முதற் செவ்வாய்க்கிழமை, கண்ணுடையநாயகி அம்மன் கோயில்முன் நகரத்தார் செவ்வாய்ப் பொங்கல் வைக்கின்றனர். முதற்பானை யாருடையது என்பதைச் செல்வமோ பதவியோ தீர்மானிப்பதில்லை. குடும்பத்தலைவர் பெயர்களை எழுதிக் குடத்திலிட்டு, குலுக்கி எடுக்கின்றனர். கடல் கடந்து வாழ்வோரும் அன்று வந்து வரிசையில் நிற்பர். ஆண்டெல்லாம் அடைத்துக் கிடந்த வீடுகளில் அடுப்புப் புகைகிறது. திருமணப் பேச்சுகளும் தொடங்குகின்றன. எந்தச் சலவைக்கல்லும் சொல்லாத செய்தி இது.

தமிழ்த்துறையினராகிய நமக்குப் பங்குனி இன்னும் நெருக்கமானது. கவிச்சக்கரவர்த்தி கம்பர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து அடங்கிய இடம் இவ்வூரே என்பது மரபு. அங்குள்ள மண்ணைக் குழந்தையின் நாவில் இட்டால் தமிழ் வளம் வாய்க்கும் என்று பெற்றோர் நம்புகின்றனர். நம்பிக்கையை ஆராய்வது நம் நோக்கமன்று. தமிழ் வேண்டி ஒரு புலவன் நினைவிடத்துக்கு மக்கள் வருகின்றனர் என்பதே நம்மைக் கவர்கிறது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம், தன் விழாவின் நிறைவு நாளைப் பங்குனி அத்தத்தில் இங்கு நடத்துவதும் இம்மரபு பற்றியே.

கம்பர் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியவர் என எண்ணி ஒதுங்குவோரும் உளர். நாகூரில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு. மு. இஸ்மாயில் அவர்களை அன்னார் நினைக்கவேண்டும். கம்பனைக் கற்பதில் அவர் காட்டிய நுட்பத்தை அறிஞர் உலகம் அறியும். சென்னைக் கம்பன் கழகத்தைத் தலைமையேற்று நடத்தியவரும் அவரே. சீறாப்புராணத்தைப் பாடமாகக் கற்கும் நம் மாணவர்க்கு, அதன் நடையழகின் பின்னே கம்பர் நிற்பது புதிய செய்தியன்று.

எனவே நம் துறைச் சுற்றுலாவைத் தேர்வு முடிந்த கோடை விடுமுறைக்கு ஒத்திவைக்கும் வழக்கத்தை விட்டு, வரும் ஆண்டில் பங்குனி அத்தத்தை ஒட்டி அமைக்குமாறு துறைத்தலைவரை வேண்டுகிறோம். வளவு வீடுகளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.