சாரியும் சரியும்

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிக் கட்டுரையா எனச் சிலர் வியக்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட சொல் ஆங்கிலமாகப் பிறந்ததேயாயினும் இன்று தமிழ்நாட்டில் குடியுரிமை பெற்றுவிட்ட சொல். பேருந்தில் காலை மிதித்தவர் அதைச் சொல்கிறார். வகுப்புக்குத் தாமதமாக வரும் மாணவர் அதைச் சொல்கிறார். சில்லறை இல்லாத கடைக்காரரும், வாக்குத் தவறிய நண்பரும், தவறான எண்ணுக்குத் தொலைபேசி செய்தவரும் அதையே சொல்கின்றனர். எழுத்தறியாத மூதாட்டியும் பேரனிடம் அதைக் கேட்டுப் பழகிவிட்டார். 'சாரி' என்னும் இரண்டெழுத்தே அது. எறும்புகள் சாரி சாரியாகச் செல்வது போல், நாள் முழுவதும் நம் செவியில் இச்சொல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது.

இத்துணைப் பழக்கமான சொல்லின் பொருள் நமக்கு முழுமையாகத் தெரியுமா? மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்' என்னும் தொடரைத் தமிழாக்கும்படி கேட்டோம். தந்தையை இழந்த நண்பருக்கு எழுதும் மடலில் வரும் தொடர் அது. ஒரு மாணவர், "உங்கள் நட்டத்திற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என எழுதியிருந்தார். வகுப்பு சிரித்தது. இறந்தவர் வீட்டில் போய் மன்னிப்புக் கேட்டால், கொன்றவர் இவர்தாமோ என்னும் ஐயமன்றோ எழும்! எனினும் அம்மாணவரை நகைப்பதில் பயனில்லை. 'சாரி' என்றால் 'மன்னிப்பு' என்னும் ஒரே பொருளைத்தான் நாம் அவருக்குக் கற்பித்திருந்தோம்.

சொல்லின் வேர்

பழைய ஆங்கிலத்தில் வலி, புண் எனப் பொருள்படும் 'சார்' என்னும் சொல் இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் புண்ணையும் நோவையும் குறிக்கும் 'சோர்' என்பது அதன் வழிவந்ததே. அந்த வேரில் கிளைத்ததுதான் 'சாரி'. துயரம் எனப் பொருள்படும் 'சாரோ' இதன் உடன்பிறப்பு எனப் பலரும் எண்ணுவர். உண்மையில் இரண்டும் வெவ்வேறு வேரில் முளைத்தவை. ஓசை ஒப்புமையாலும் பொருள் நெருக்கத்தாலும் பின்னாளில் உறவு கொண்டாடியவை. ஆகவே 'ஐ ஆம் சாரி' என்பதன் அடிப்படைப் பொருள் 'என் உள்ளம் நோகிறது' என்பதே. பிழை செய்தமையால் நோகலாம்; பிறர் துன்பம் கண்டும் நோகலாம். நோவு ஒன்று, காரணம் இரண்டு. இதை உணர்ந்துகொண்டால் இச்சொல்லின் வழக்குகள் யாவும் எளிதில் விளங்கும்.

வழக்கின் வகைகள்

'ஐ ஆம் சாரி ஃபார் பீயிங் லேட்' என்றால் தாமதமாக வந்தமைக்கு மன்னிக்குமாறு வேண்டுதல். 'ஐ ஆம் சாரி டு ஹியர் தட்' என்றால் அச்செய்தி கேட்டு வருந்துகிறேன் என்பது. இங்கே மன்னிப்புக்கு இடமே இல்லை. 'ஐ ஃபீல் சாரி ஃபார் ஹிம்' என்றால் அவர்மீது இரக்கம் கொள்கிறேன் என்பது. அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல எண்ணி இத்தொடரைக் கையாளும் மாணவர் பலர். அவர்கள் தம்மை அறியாமலே எதிரில் இருப்பவரைப் பரிதாபத்துக்கு உரியவராக்கி விடுகின்றனர்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னே அடையாக வரும்போது பொருள் மேலும் மாறும். 'எ சாரி ஸ்டேட்' என்றால் இரங்கத்தக்க நிலை, சீர்கெட்ட நிலை. ஒலியை ஏற்றி, வினாவாக, 'சாரி?' என்றால் 'காதில் விழவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்பது பொருள். 'சாரி, பட்' எனத் தொடங்கினால் பெரும்பாலும் மறுப்பு வரப்போகிறது என்று கொள்க.

முன்னும் பின்னும் என்னும் வேறுபாடும் உண்டு. கூட்டத்தில் வழிவிடக் கேட்பவர் முன்னதாகச் சொல்வது 'எக்ஸ்கியூஸ் மீ'. இடித்துவிட்டபின் சொல்வது 'சாரி'. இலக்கண நிலையிலும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 'சாரி' என்பது வினையன்று; பண்பைக் குறிக்கும் அடை. ஆதலால் 'ஐ சாரி' என்பது பிழை; இடையில் 'ஆம்' வேண்டும். வினையாகச் சொல்ல விரும்புவோர்க்கு 'அப்பாலஜைஸ்' என்னும் சொல் இருக்கிறது. பிழைக்குப் பொறுப்பேற்கும் சொல் அது; பிறர் துயரத்திற்கு இரங்கும் இடத்தில் அது வாராது.

நாடுகளுக்கு இடையே

இவ்வேறுபாடு தேர்வுத்தாளோடு முடிவதன்று. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தென்சீனக் கடலின்மேல் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர்விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி உயிரிழந்தார். அமெரிக்க விமானம் சீனாவின் ஹைனான் தீவில் இறங்கியது; அதிலிருந்த 24 பேரும் தடுத்து வைக்கப்பட்டனர். சீனா மன்னிப்பைக் கோரியது, அமெரிக்கா மறுத்தது. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் அளித்த கடிதத்தில் 'வெரி சாரி' என்னும் தொடர் இருமுறை இடம்பெற்றது. அதனைச் சீனா மன்னிப்பு எனக் கொண்டது. அமெரிக்கா வருத்தம் மட்டுமே என விளக்கியது. 24 பேரும் வீடு திரும்பினர். இருபொருள் கொண்ட ஒரு சொல் இரு வல்லரசுகளின் மானத்தையும் காத்துத் தந்தது.

அதே சொல்லைச் சொல்லத் தயங்கிய அரசும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1910 முதல் 1970 வரையிலான காலத்தில் பழங்குடிக் குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிகளிலும் வெள்ளையர் இல்லங்களிலும் வளர்க்கப்பட்டனர். இக்கொடுமையை 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை உலகறியச் செய்தது. 1999-இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் கொணர்ந்தார். அதில் 'சாரி' என்னும் சொல் இல்லை. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் அச்சொல்லைச் சொன்னபோது, மன்றத்தின் உள்ளும் வெளியும் முதியோர் பலர் கண்ணீர் வடித்தனர். ஆனால், நடுவண் அரசின் ஆளுகையிலிருந்த பகுதிகளில் அவ்வாறு பிரிக்கப்பட்டோருக்கு ஒவ்வொருவருக்கும் 75,000 ஆஸ்திரேலிய டாலர் ஈட்டுத்தொகை வழங்கும் திட்டம் 2021-இல்தான் அறிவிக்கப்பட்டது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே 13 ஆண்டுகள்! அதற்குள் கண்மூடியவர்கள் சொல்லை மட்டுமே பெற்றுச் சென்றனர்.

சொல்வதும் கேட்பதும்

இனி நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலேயர் சாரி 'சொல்கின்றனர்'. நாமோ மன்னிப்புக் 'கேட்கிறோம்'. நம் மாணவர்கள் 'சாரி கேட்டான்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி 'ஆஸ்க்ட் சாரி' என எழுதுவதும் இதனால்தான். அது ஆங்கிலத்தில் பிழை. ஆயினும் அப்பிழைக்குள் தமிழரின் மனம் ஒளிந்திருக்கிறது. சாரி என்பது சொல்பவரின் உள்ளநிலையைச் சொல்லும் சொல். சொன்னவுடன் அது முடிந்துவிடுகிறது. மன்னிப்பு என்பது எதிரில் இருப்பவரிடம் உள்ள பொருள். அவர் கொடுத்தால்தான் நமக்குக் கிடைக்கும். கேட்பவர் கைநீட்டி நிற்க வேண்டும்.

'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். பொறுத்தல் என்றால் பாரம் தாங்குதல். பொறையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதனை நிலத்தின் உவமையோடு தொடங்குகிறார். 'என் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும்போது, என் தவறு உங்கள் தலையில் சுமையாக இறங்கியிருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். 'சாரி' என்னும் சொல்லில் நம் நோவு மட்டுமே இருக்கிறது. 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பதில் அவர் சுமையும் இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லால் விளைந்த நன்மையையும் மறைத்தல் அறமன்று. 'மன்னித்துவிடு' என மகனிடம் சொல்ல நம் தந்தையருக்கு நா எழுவதில்லை. மனைவியிடம் சொல்லக் கணவருக்கும், ஊழியரிடம் சொல்ல முதலாளிக்கும் அவ்வாறே. மன்னித்துவிடு, மன்னியுங்கள், மன்னித்தருள்க என உயர்வு தாழ்வு பார்த்தே சொல் தெரிய வேண்டிய மொழி நம்முடையது. 'சாரி'யில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் முன்பு வாய் திறவாத பெரியவர்களும் இன்று 'சாரிப்பா', 'சாரிம்மா' என்கின்றனர். அந்த அளவிற்கு அச்சொல்லுக்கு நாம் நன்றி கூறலாம். ஆனால் எளிதாகக் கிடைப்பது எளிதாகவே செலவழியும் என்பதும் உண்மையன்றோ?

நாமே ஒருமுறை அவ்வாறு செலவழித்தோம். ஆண்டுகள் சிலவற்றிற்கு முன், அகமதிப்பீட்டுத் தேர்வில் இருவர் விடைத்தாள்கள் ஒன்றுபோல் இருக்கக் கண்டு, பார்த்து எழுதியவர் இவரே என ஒருவரை வகுப்பறையில் எழுப்பி நிறுத்திக் கடிந்துகொண்டோம். பின்னர்தான் மற்றவரே பார்த்து எழுதியவர் எனத் தெரிந்தது. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட அம்மாணவரிடம் நடந்துகொண்டே 'சாரிப்பா' என்றோம். 'பரவாயில்லை ஐயா' என்றார் அவர். நம் கடன் தீர்ந்தது என்றே எண்ணினோம். ஆனால் அன்றுமுதல் முன்வரிசையில் இருந்தவர் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். பழித்தது 60 பேர் முன்னிலையில். வருந்தியது எவரும் இல்லாத தாழ்வாரத்தில். இது என்ன கணக்கு என நம் மனமே நம்மைக் கேட்டது. இரு வாரம் கழித்து அதே வகுப்பில், அதே இடத்தில் நின்று, தவறு நம்முடையது எனச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். மறுநாளே அவர் முன்வரிசைக்கு வந்துவிட்டார் என எழுத ஆசைதான், வரவில்லை. படிப்பு முடித்துச் செல்லும் நாளில் மட்டும் துறைக்கு வந்து, ஸலாம் சொல்லி, கை கொடுத்து விடைபெற்றார்.

நம் சமுதாய வழக்கு

இக்கல்வியை நம் சமுதாயப் பெரியோர் என்றோ கற்றிருந்தனர். ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் வீடு வீடாகச் சென்று, "பேசியது ஏசியது ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கொடுக்கல் வாங்கல் இருந்தால் சொல்லுங்கள்" எனக் கேட்பதைப் பார்த்திருக்கிறோம். ஜனாஸா தொழுகைக்குமுன் இறந்தவரின் மகன் ஜமாஅத்தார் முன் எழுந்து நின்று, "அத்தா யாருக்கேனும் கடன் பட்டிருந்தால் என்னிடம் கேளுங்கள், குற்றங்குறை இருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்று தழுதழுத்த குரலில் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். அங்கே மன்னிப்பும் கடனும் ஒரே மூச்சில் வருவதைக் கவனிக்க வேண்டும்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் தவ்பாவின் நிபந்தனைகளை வகுத்துரைக்கிறார்கள். பாவத்தை விட்டு விலகுதல், செய்ததற்கு வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டவை. பிற மனிதருக்கு இழைத்த தீங்காயின் நான்காவதும் ஒன்று உண்டு: அவர் உரிமையை அவரிடம் திருப்பிச் சேர்த்தல். பொருளாயின் பொருளைத் தருதல். பழிச்சொல்லாயின் அவரிடமே பொறுக்குமாறு வேண்டுதல். இந்நான்கினுள் 'சாரி' என்னும் சொல் சுட்டுவது வருந்துதல் என்னும் ஒன்றையே. எஞ்சிய மூன்றும் நாம் செய்ய வேண்டியவை. தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் நிரம்பக் கொண்டு வந்தும், பிறரை ஏசியும் அடித்தும் அவர் பொருளைப் பறித்தும் வாழ்ந்தமையால், மறுமையில் நன்மைகளையெல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவனே உண்மையான வறியவன் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்நாளில் சொல் செல்லுபடியாகாது.

மாணவ மணிகளே! 'சாரி' என்னும் சொல்லை விலக்குக என நாம் சொல்லவில்லை. ஆங்கிலம் பேசும் இடத்தில் அதன் பொருள் வேறுபாடறிந்து பிழையின்றிப் பேசுங்கள். இழவு வீட்டில் வருத்தத்தையும், பிழை செய்த இடத்தில் மன்னிப்பையும் அதே சொல் எப்படிச் சுமக்கிறது எனத் தெரிந்து கையாளுங்கள். பேருந்து நெரிசலில் கால் மிதிபட்டால் 'சாரி'யே போதும். ஆனால் ஒருவர் மனத்தை மிதித்துவிட்டால் நின்று, அவர் முகம் பார்த்து, தமிழிலே கேளுங்கள். பெரியோர்களே! இளையோரிடம் பொறுக்குமாறு கேட்பதால் நம் மதிப்புக் குன்றுவதில்லை. தீர்ப்பில் தவறியதை உணர்ந்த கணமே அரியணையில் உயிர் நீத்த பாண்டியனைச் சிலம்பு தாழ்த்தவில்லை, உயர்த்தியே காட்டுகிறது.

தமிழில் 'சரி' என்றொரு சொல் உண்டு. அதனோடு ஒரு துணைக்காலைச் சேர்த்தால் 'சாரி' ஆகிவிடும். எழுத்தில் கால் சேர்ப்பது எளிது. வாழ்வில் நாம் செய்ய வேண்டியது அதன் மறுதலை: சொன்ன 'சாரி'யைச் சரியாக்குவது. அதற்குக் காலெடுத்து, பாதிக்கப்பட்டவரின் வாசல் வரை நடக்க வேண்டும். அந்த நடைக்கான மனவலிமையை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!